வெள்ளம் விடுவதா, மலையைக் குடைவதா?

நெய்வேலியில் அடியிலிருந்து அழுத்தும் ஊற்றுநீரை ஓயாமல் இறைத்தால்தான் பழுப்பு நிலக்கரி வெட்ட முடியும். இங்கிலாந்தின் வட பென்னைன் மலைகளில் காரீயம் எடுத்தவர்கள் தண்ணீரையே வேலை வாங்கினார்கள். சரிவின் உச்சியில் புல்மண் அணை கட்டி, நீரைத் தேக்கி, ஒரேயடியாக உடைத்துவிடுவார்கள். மேல்மண் அரித்துப் போய்த் தாதுப் படிவு தெரியும். காரீயத் தாதுவான கலீனா தண்ணீரைவிட ஏழரை மடங்கு கனம். கட்டிகள் எளிதில் அடித்துப் போகாது. செலவு குறைவுதான். ஆனால் காரீயம் கலந்த சேறு ஆற்றில் இறங்கிக் கீழ்நிலங்களைக் கெடுத்தது. அந்தச் சேதம் லேசானதல்ல.

ஆழத்துத் தாதுக்கு மலையைப் பக்கவாட்டில் குடைவதே சரி. குடைந்த வழி சுரங்க வாயை நோக்கிச் சற்றே சரிந்தால் நீர் தானாக வடியும், குதிரைக்கும் பாரவண்டி இழுக்கச் சுலபம். ஆனால் தாதுவைத் தொடும்வரை வருமானமில்லை. காற்றுக்குத் தனிக் குழி வேண்டும். முக்கியமாக வடிகாலுக்காக 1776இல் பொறியாளர் ஜான் ஸ்மீட்டன் அதே மலைகளில் நென்ட்ஃபோர்ஸ் சுரங்கத்தைத் தொடங்கினார்.