மக்குத் தொட்டியில் குடியேறியவர்கள்

"நாற்றம் வராது, பூச்சி அண்டாது" என்று எழுதி விற்ற, சமையலறைக் கழிவை மக்கவைத்து உரமாக்கும் பிளாஸ்டிக் தொட்டி சில ஆண்டுகளாக எங்கள் கொல்லையில் நிற்கிறது. முதல் வாக்கு ஏறக்குறைய மெய். இரண்டாவது சுத்தப் பொய். அது பொய்யானதால்தான் தொட்டி உருப்படியாக வேலை செய்கிறது.

முதலில் வந்தவை பழ ஈக்கள். மூடியைத் திறந்தால் மூஞ்சியில் மொய்க்கும். காய்கறித் தோலைப் போட்டதும் காய்ந்த சருகைக் கனமாக மூடிவிட்டால் அடங்கிவிடும். எறும்பு ஏறினால் ஈரம் போதவில்லை. ஒரு செம்பு நீர் தெளிக்க வேண்டும்.

உண்மையான உழைப்பாளி கருப்புப் படைவீரன் ஈயின் புழு. தாய் ஈ பார்வைக்குக் குளவியை நினைவூட்டும். ஆனால் கொட்டாது, கடிக்காது, அடுப்படிப் பக்கமும் வராது. புழு தட்டையாக, கணுக்கணுவாக இருக்கும். அழுகிய பப்பாளியைப் போட்டுவிட்டுக் காதைக் கொடுத்தால் சலசலவென்று தின்னும் ஓசை கேட்கும். இவை பெருகிய இடத்தில் வீட்டு ஈ குறைந்துவிடும். முற்றியதும் தீனியை நிறுத்திக் கருத்துப்போய், கூட்டுப்புழுவாக மாறுவதற்கு உலர்ந்த இடம் தேடி வெளியே ஏறும். ஈரமான இரவுகளில் திண்ணை வரை ஊர்ந்து வந்து வீட்டாரிடம் எனக்கு ஏச்சு வாங்கித் தரும். காலையில் மைனாக்கள் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும்.

தென்னை வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டியது வேறொன்று. மக்கைக் கிளறும்போது வளைந்து சுருண்ட வெள்ளைப் புழு, பருத்து, தலை மட்டும் பழுப்பாக வரும். அது காண்டாமிருக வண்டின் புழுவாக இருக்கலாம். அந்த வண்டு எருக்குழியிலும் முட்டையிடும். வளர்ந்த வண்டு தென்னங்குருத்தைக் குடையும். ஆனால் எல்லாப் புழுவும் அதுவல்ல. தரையில் விட்டுப் பாருங்கள். கால்களை மேலே தூக்கிக்கொண்டு முதுகால் ஊர்ந்தால் அது பூவண்டின் புழு. மக்கைத் தின்று வாழ்வது, திரும்பப் போட்டுவிடலாம். மற்றவற்றை நான் பொறுக்கிக் கோழிக்குப் போடுகிறேன். காண்டாமிருக வண்டின் புழுவைக் கொல்ல எருக்குழியில் மெட்டாரைசியம் என்ற பச்சைப் பூஞ்சணத்தைக் கலப்பதும் வழக்கம்.

மரவட்டைகள் சருகை அரைக்கும். பூரான் மற்ற பூச்சிகளை வேட்டையாட வருவது, கடித்தால் வலிக்கும், வெறுங்கையை விடாதீர்கள். அடியடுக்கில் மண்புழு வந்துவிட்டால் அந்த மக்கை எடுக்கலாம்.

தொட்டியில் எனக்குள்ள ஒரே மனக்குறை மூடி. வெயிலில் வெடித்துவிட்டது, தனியாக விற்பதும் இல்லை. இப்போது ஒரு பழைய தாம்பாளத்தைக் கவிழ்த்து, மேலே செங்கல் வைத்திருக்கிறேன்.