துருவை மறைக்காத பூங்கா: டூயிஸ்பூர்க்கின் பழைய இரும்பாலை

ஜேர்மனியின் ரூர் பகுதியில், டூயிஸ்பூர்க் நகரின் வடக்கே மைடரிஹ் என்னும் இடத்தில் இருக்கும் நிலக்காட்சிப் பூங்காவுக்கு இம்முறை நான் மூன்றாவது தடவையாகச் சென்று வந்தேன். முதல் தடவை பாத்திகளில் பூச்செடிகளும் நடுவே நீரூற்றும் இருக்கும் என்று நம்பிப் போய், கண்ட இடமெல்லாம் துருப்பிடித்த குழாய்களாகவே இருந்ததனால் அரை மணித்தியாலத்துக்குள் சலித்துத் திரும்பியவன் நான் என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். பிழை பூங்காவில் இல்லை. நண்பகலில் போனதும், தரையிலேயே சுற்றிவிட்டு வந்ததும் நான் செய்த தவறுகள். பிற்பகல் சாயும் நேரத்தில் போய், ஏறக்கூடிய இடங்களிலெல்லாம் ஏறி, இருட்டும்வரை அங்கே இருப்பவருக்கு மட்டுமே இந்த இடம் தன்னை முழுமையாகக் காட்டுகிறது.

இரும்பு, உருக்குத் தொழிலின் பெரும் குடும்பமான தீசன் குடும்பத்தார் 1901இல் இங்கே ஆலையைத் தொடங்கினார்கள். 1903இல், தாதை உருக்கி இரும்பாக்கும் முதல் ஊதுலை வேலை செய்யத் தொடங்கியது. அருகிலுள்ள உருக்காலைகளுக்கு வேண்டிய இரும்பை எண்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கொடுத்துவந்த இந்த ஆலை, ஐரோப்பாவில் தேவைக்கு மேல் உருக்கு உற்பத்தியாகத் தொடங்கிய காலத்தில், 1985இல் மூடப்பட்டது. கடைசியாக அணைந்த ஐந்தாம் ஊதுலை கட்டப்பட்டது 1973இல்தான். ஆலையின் மற்ற உலைகளோடு ஒப்பிட்டால் அது இளமையிலேயே ஓய்வு பெற்றுவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும். இடித்து நிரவிவிடலாம் என்ற பேச்சு எழுந்தபோது அந்தப் பகுதி மக்கள் எதிர்த்தார்கள். எம்ஷர் ஆற்றுப் படுகையில் கிடந்த தொழிற்சாலை நிலங்களைச் சீரமைப்பதற்காக 1989 முதல் பத்து ஆண்டுகள் நடந்த பெருந்திட்டத்துக்குள் இந்த ஆலையும் சேர்க்கப்பட்டது. வடிவமைப்புப் போட்டியில் வென்ற நிலக்காட்சிக் கலைஞர் பேட்டர் லாட்ஸ், கட்டடங்களை அகற்றாமல் அவற்றையே பூங்காவாக ஆக்கினார். 1994இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்ட இந்த இடத்தின் பரப்பு ஏறத்தாழ 180 ஹெக்டேயர்.

நுழைவுக்குக் கட்டணம் இல்லை, மூடும் நேரமும் இல்லை. டூயிஸ்பூர்க் மத்திய நிலையத்திலிருந்து 903ஆம் இலக்க டிராமில் ஏறினால் பூங்காவின் பெயரைத் தாங்கிய தரிப்பிடத்தில் இறங்கலாம்; அங்கிருந்து சிறிது தூரம் நடந்தால் போதும்.

நேரே ஐந்தாம் ஊதுலைக்குப் போங்கள் என்பதே என் பரிந்துரை. இரும்புத் தாதையும், நிலக்கரியைச் சுட்டுப் பெறும் கற்கரியையும், சுண்ணாம்புக் கல்லையும் உச்சியில் கொட்டி, கீழிருந்து கொதிக்கும் காற்றை ஊதி, அடியில் உருகித் தேங்கும் இரும்பை வாய்க்கால் வழியாக வெளியே ஓடவிடும் அந்தப் பெரும் பாத்திரத்தைப் பள்ளிப் புத்தகத்தில் குறுக்குவெட்டுப் படமாக மட்டுமே பார்த்திருக்கிறோம். இங்கே அந்தப் படத்துக்குள்ளேயே ஏறிச் செல்லலாம். காற்றைச் சூடாக்கிய உருளைக் கோபுரங்கள் பக்கத்திலேயே நிற்கின்றன; உருகிய இரும்பு வடிந்த களம் கீழே தெரிகிறது; படிகள் ஒவ்வொரு தட்டாக உயர்ந்து, தரையிலிருந்து ஏறத்தாழ 70 மீற்றர் உயரத்தில் இருக்கும் தளத்தில் கொண்டுபோய் விடுகின்றன. படிகள் இரும்புக் கம்பிச் சல்லடைகளால் ஆனவை என்பதால் காலுக்குக் கீழே தரை முழுவதும் தெரிந்துகொண்டே இருக்கும். உயரத்துக்கு அஞ்சுபவர்கள் இரண்டாவது தட்டோடு நின்றுகொள்வது நல்லது. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. முழங்கால் வலி உள்ளவர்களுக்கும் குழந்தை வண்டியோடு வருபவர்களுக்கும் இந்த ஏற்றம் ஒத்துவராது.

மேலே நின்று பார்க்கும்போதுதான் இந்த இடத்தின் அழகு பிடிபடுகிறது. கீழே பச்சை, நடுவே செம்பழுப்பு நிறத்தில் குழாய்களின் சிக்கல், ஒரு திசையில் ஓபர்ஹவுசனின் பழைய வாயுக் கொள்கலம், இன்னொரு திசையில் இன்றும் வேலை செய்துகொண்டிருக்கும் உருக்காலைகளின் புகைபோக்கிகள். அணைந்த உலையின் உச்சியில் நின்றுகொண்டு எரியும் உலைகளின் ஆவியைப் பார்ப்பது விசித்திரமான அனுபவம். ஊரிலிருந்து வந்திருந்த என் தாயார் முதல் தட்டிலேயே நின்றுவிட்டார், நாங்கள் இறங்கி வந்தபோது, "இது எங்கட கே.கே.எஸ். சீமெந்துப் பக்டரி மாதிரியெல்லோ கிடக்கு" என்றார். 1950இல் தொடங்கி 1990இல் போரினால் நின்றுபோன, கே.கே.எஸ். என்று நாங்கள் சொல்லும் யாழ்ப்பாணத்துக் காங்கேசன்துறையின் சீமெந்து ஆலையை அறிந்தவர்களுக்கு இந்த ஒப்பீடு உடனே புரியும். நான் பதில் சொல்லவில்லை. அங்கே ஆலை நின்றதற்கான காரணமும், நின்ற பிறகு அந்த மண்ணுக்கு நடந்ததும் முற்றிலும் வேறு.

உலையை விட்டால் என் மனத்தில் நின்றவை தாதுக் களஞ்சியங்களின் தோட்டங்களே. கப்பல்களிலும் சரக்கு வண்டிகளிலும் வந்த தாதையும் கற்கரியையும் கொட்டி வைப்பதற்காகத் தடித்த கொங்கிறீற்றுச் சுவர்களால் கட்டப்பட்ட வரிசை வரிசையான அறைகளுக்குக் கூரை கிடையாது. சுவர்களில் வாயில்களை வெட்டி, சில அறைகளுக்குள் செடிகளை நட்டு, மேலே நடைபாலம் அமைத்திருக்கிறார்கள். ஓர் அறையில் பன்னச் செடிகள் அடர்ந்து குளிர்ந்திருக்க, அடுத்த அறை வெறும் கல்லும் வெயிலுமாகக் கிடக்கிறது. சுவர் ஒன்றைத் துளைத்துச் சிறுவர்களுக்குக் குழாய்ச் சறுக்கு வைத்திருக்கிறார்கள். இன்னும் சில சுவர்களில் மலையேற்றச் சங்கத்தார் பிடிகளைப் பொருத்திப் பாறையேற்றம் பழகுகிறார்கள். நச்சு மிகுந்த கழிவுகளை வெளியே கொண்டுபோய் இன்னோர் ஊரின் தலையில் கட்டாமல், சில களஞ்சியங்களுக்குள்ளேயே போட்டு மூடி முத்திரையிட்டுவிட்டார்கள் என்பதை அறிந்தபோது, லாட்ஸின் மீது எனக்கு இருந்த மதிப்பு இன்னும் கூடியது. அழகுக்காக எதையும் ஒளிக்காதவர், ஆபத்தானதை மட்டும் சரியாக ஒளித்திருக்கிறார்.

தாதோடு சேர்ந்து தூர தேசங்களின் விதைகளும் இங்கே வந்து இறங்கியிருக்கின்றன. தாதுப் பொடியும் கசடும் கலந்த மண்ணில் யாரும் நடாமலே முளைத்த அந்நியச் செடிகளைக் களை என்று பிடுங்காமல் வளரவிட்டிருக்கிறார்கள். தண்டவாளங்களுக்கு இடையில் வெள்ளைப் பட்டை பேர்ச் மரங்கள் தாமாகவே நிற்கின்றன. ஒழுங்காகக் கத்தரித்த புல்வெளியை எதிர்பார்ப்பவர்களுக்கு இது பராமரிப்புக் குறைவாகத் தோன்றலாம். எனக்கு முதல் தடவை அப்படித்தான் தோன்றியது.

நீரைப் பற்றியும் சொல்ல வேண்டும். நிலக்கரிச் சுரங்கங்களால் நிலம் தாழ்ந்துகொண்டே இருந்ததனால் ரூர் பகுதியில் நிலத்தடிக் கழிவுநீர்க் குழாய்களை நம்ப முடியவில்லை. எனவே எம்ஷர் ஆறே நெடுங்காலம் திறந்த சாக்கடையாக ஓடியது. இந்த வளாகத்தின் ஊடாகச் சென்ற அதன் பழைய கிளையின் அழுக்கு நீரை இப்போது நிலத்தடிக் குழாய் ஒன்று எடுத்துச் செல்ல, மேலே கூரைகளிலிருந்து வடியும் மழைநீரைச் சேர்த்து ஒரு தெளிந்த கால்வாயை ஓடவிட்டிருக்கிறார்கள். காற்றாலை ஒன்று அந்த நீரை இறைத்து மேலே ஏற்றுகிறது. மழையற்ற கோடையில் கால்வாயின் மட்டம் தாழ்ந்து பாசி மிதக்கும். நீர் விளையாட்டை எதிர்பார்த்துப் பிள்ளைகளை அழைத்து வர வேண்டாம்.

உருகிய இரும்பை வார்த்த குழிகளைப் போர்த்தியிருந்த 49 இரும்புத் தகடுகளைப் பெயர்த்தெடுத்து, சதுரமாகப் பரப்பி, உலைகளின் நடுவே ஒரு முற்றம் அமைத்திருக்கிறார்கள். வெப்பம் அரித்த தழும்புகள் அத்தகடுகளில் இன்னும் தெரிகின்றன. குனிந்து கையால் தடவிப் பாருங்கள்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். இந்த ஆலையின் பழைய வாயுக் கொள்கலத்தில் 13 மீற்றர் ஆழத்துக்கு நீர் நிரப்பி மூழ்குநர்களுக்குப் பயிற்சி தருகிறார்கள். பயிற்சி பெறாதவர்களுக்கு அங்கே பார்க்க எதுவும் இல்லை. இயந்திர மண்டபங்களில் இசை, நாடக நிகழ்ச்சிகளும், கோடையில் முதலாம் உலையின் வார்ப்புக் களத்தில் திறந்தவெளித் திரைப்படக் காட்சியும் நடைபெறுகின்றன. உணவகம் ஒன்று இருக்கிறது. பெரிய குடும்பத்தோடு போகிறவர்கள் சோற்றுப் பொதி கட்டிக்கொண்டு போவதே சிறப்பு, அமர்ந்து உண்ண இடத்துக்குக் குறைவில்லை. ஜேர்மனியின் ஹம் நகரில் உள்ள காமாட்சி அம்பாள் கோயில் தேருக்காகத் தூர நாடுகளிலிருந்து வருபவர்கள் இந்தப் பூங்காவுக்கும் ஒரு நாளை ஒதுக்கலாம். நெடுஞ்சாலையில் நெரிசல் இல்லாவிட்டால் ஒரு மணித்தியாலத்தைச் சற்றே தாண்டும் பயணம்தான்.

நாளைத் தெரிவு செய்யும்போது வார இறுதியாகப் பாருங்கள். பிரித்தானியக் கலைஞர் ஜோனத்தன் பார்க் அமைத்த ஒளியமைப்பு 1996 முதல் வார இறுதி இரவுகளில் உலைகளை நீலமும் பச்சையும் சிவப்புமாக எரியவிடுகிறது. படங்களில் பார்த்தபோது கோயில் திருவிழாச் சோடனை போல இருக்குமோ என்று ஐயப்பட்டேன். நேரில் அப்படி இல்லை: விளக்குகள் குழாய்களின் உள்மடிப்புகளிலிருந்து எரிவதால், பகலில் ஒன்றோடொன்று கலந்து குழப்பிய உருவங்கள் இரவில் தனித்தனியே பிரிந்து நிற்கின்றன. பகலில் ஏறி இறங்கிய படிகள் எங்கே போகின்றன என்பது எனக்கு அப்போதுதான் முழுதாக விளங்கியது. கோடையில் இருட்டுவதற்குப் பத்து மணியாகிவிடும். சிறு பிள்ளைகளோடு வருபவர்களுக்கு ஒக்டோபர் மாதமே வசதி. குளிர்ச்சட்டையும், அடி வழுக்காத சப்பாத்தும், டிராம் தரிப்பிடம்வரை நடந்து வருவதற்கு ஒரு கைவிளக்கும் எடுத்துச் செல்லுங்கள்.