திறந்தவெளியில் பறைக்குழுப் பதிவு: ஒரே ஜோடி மைக்கா, ஆளுக்கொரு மைக்கா?

எட்டுப் பறை, ஓர் உறுமி, ஒரு ஜோடி ஜால்ரா. சுவரும் கூரையும் இல்லாத ஊர்க் களம். இப்படி ஒரு குழு வாசிப்பதை நல்ல தரத்தில் பதிவு செய்ய இரண்டு வழிகள் இருக்கின்றன. உயரமான ஸ்டாண்டில் இரண்டே மைக்குகளை ஜோடியாக மாட்டி, குழு முழுவதையும் சற்றுத் தள்ளியிருந்து வாங்குவது ஒரு வழி. ஒவ்வொரு வாத்தியத்தின் அருகிலும் ஒரு மைக் வைத்து, தனித்தனித் தடங்களில் பதிந்து, வீட்டுக்கு வந்து கணினியில் கலப்பது இன்னொரு வழி. இரண்டையும் செய்து பார்த்தபின் நான் ஜோடி மைக் பக்கம் வந்துவிட்டேன். இந்த அலசலும் அந்தப் பக்கம்தான் சாயும். ஆனால் மற்ற வழி ஜெயிக்கிற இடங்கள் உண்டு, அவற்றையும் சொல்லிவிடுகிறேன்.

செல்போனை இந்தப் போட்டியில் சேர்க்கவில்லை. பெரும்பாலான போன்கள் ஒலி அளவைத் தாங்களாகவே கூட்டிக் குறைக்கும். முதல் அடி ஓங்கி விழுந்ததும் அளவை இறக்கிவிடும், அடுத்து வருகிற மெல்லிய உருட்டல் எல்லாம் அமுங்கிப்போகும். நினைவுக்கு வைத்துக்கொள்ள அது போதும், கலைஞர்களிடம் திருப்பிக் கொடுப்பதற்குப் போதாது.

விலை, சுமை, ஏற்பாட்டு நேரம் மூன்றிலும் ஜோடி மைக் மேல் என்பதை விளக்கத் தேவையில்லை. பத்து மைக், பத்து ஸ்டாண்ட், தரையெல்லாம் கேபிள், அவ்வளவையும் வாங்குகிற ரெக்கார்டர், அதற்கு மின்சாரம் என்று ஒரு பக்கம். ஒரு ஸ்டாண்ட், இரண்டு மைக், உள்ளங்கையில் அடங்கும் ஒரு பெட்டி என்று மறுபக்கம். கோப்பின் அளவும் அப்படித்தான். 48 கிலோஹெர்ட்ஸில் 32 பிட் ஸ்டீரியோ மணிக்கு 1.4 ஜிபிக்குள் முடியும். எட்டுத் தடம் என்றால் 24 பிட்டிலேயே 4 ஜிபியைத் தாண்டும்.

பறையைப் பதிகிறவர்களின் முதல் பயம், ஒலி உச்சத்தில் வெட்டுப்பட்டுக் கரகரக்குமோ என்பது. ரெக்கார்டரைப் பொறுத்தவரை அந்தப் பயம் பெரும்பாலும் தீர்ந்துவிட்டது. 2019-இல் வந்த ஸூம் எஃப்6, 2022-இல் வந்த எஃப்3 போன்றவை 32 பிட் ஃப்ளோட் முறையில், அதாவது மெல்லிய ஒலியும் ஓங்கிய ஒலியும் வெட்டுப்படாமல் அடங்கும்படி, பதிகின்றன. எஃப்3-இல் அளவைக் கூட்டிக் குறைக்கும் குமிழே கிடையாது. பதிந்த பிறகு கணினியில் ஏற்றி இறக்கிக்கொள்ளலாம். ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது. ரெக்கார்டர் எவ்வளவு தாங்கினாலும், மைக்கின் சவ்வும் அதன் உள்சுற்றும் தாங்கவில்லையென்றால் கரகரப்பு அங்கேயே வந்துவிடும், அதைப் பிறகு எடுக்க முடியாது. ஸூம் எச்1 எசென்ஷியல் என்ற கையடக்க ரெக்கார்டரின் சொந்த மைக்குகளுக்குச் சொல்லப்படும் எல்லை 120 டெசிபல், எச்4 எசென்ஷியலுக்கு 130. ரோட் என்டி5 போன்ற சிறு கண்டென்சர் மைக் 143 வரை தாங்கும். பக்கத்தில் வைத்து வாங்குவதற்கு ஷூர் எஸ்எம்57 போன்ற டைனமிக் மைக்கும் சளைக்காது. ஆகவே இந்த விஷயத்தில் இரு வழிக்கும் பெரிய வேற்றுமை இல்லை. தள்ளி வைப்பதால் ஜோடி மைக்குக்குக் கொஞ்சம் கூடுதல் பாதுகாப்பு, அவ்வளவே.

என்னை ஒரு பக்கம் சாய வைத்தது வேறொன்று: பக்கத்து வாத்தியத்தின் கசிவு. அதைக் கொஞ்சம் கணக்கோடு பார்க்கலாம்.

நம் ஊர் 31 டிகிரி வெக்கையில் ஒலி விநாடிக்கு ஏறக்குறைய 350 மீட்டர் போகும். ஒரு மீட்டர் கடக்க 3 மில்லி விநாடிக்குக் கொஞ்சம் குறைவு. எட்டுப் பேர் ஆளுக்கு ஒரு மீட்டர் இடைவெளியில் நிற்கிறார்கள், ஒவ்வொரு பறைக்கும் 20 சென்டிமீட்டரில் ஒரு மைக் என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் அடித்தால் அவருடைய மைக்கில் அது உடனே விழுகிறது. பக்கத்து மைக்கிலும் விழுகிறது, 14 டெசிபல் குறைவாக, 2 மில்லி விநாடி தாமதமாக. ஏழு மீட்டர் தள்ளி வரிசையின் மறு ஓரத்தில் இருக்கும் மைக்கிலும் விழுகிறது, இன்னும் மெலிந்து, ஏறக்குறைய 19 மில்லி விநாடி தாமதமாக. அதாவது ஒரே அடி எட்டுத் தடங்களில் எட்டு வெவ்வேறு நேரங்களில் பதிவாகியிருக்கிறது. அவற்றை ஒன்றாகக் கலந்தால் என்ன ஆகும்? ஒன்றிரண்டு மில்லி விநாடித் தாமதங்கள் தோலின் குரலையே மாற்றும். சில அதிர்வெண்கள் ஒன்றையொன்று தின்றுவிட, பறை வெறும் தகரம் மாதிரி ஒலிக்கத் தொடங்கும். பத்து, பதினைந்தைத் தாண்டிய தாமதங்கள் அடியின் விளிம்பை மழுக்கும்.

ஆளுக்கொரு மைக் வைப்பவர்கள் இதற்குப் பதில் வைத்திருக்கிறார்கள். மைக்குக்கும் வாத்தியத்துக்கும் உள்ள தூரத்தைப்போல மூன்று மடங்கு தள்ளி அடுத்த மைக் இருந்தால் போதும் என்பது பழைய விதி. மேலே சொன்ன கணக்கில் ஐந்து மடங்கு இருக்கிறது. எல்லா வாத்தியமும் ஒரே சத்தத்தில் இருந்து, எல்லாத் தடத்தையும் ஒரே அளவில் கலந்தால் அந்த விதி ஓரளவு காப்பாற்றும். ஆனால் நம் குழுவில் உறுமி இருக்கிறது. வளைந்த குச்சியைத் தோலில் தேய்த்து எழுப்பும் அந்த முனகலுக்குப் பறையின் ஓங்கிய அடியோடு மோதும் பலம் கிடையாது. கலக்கும்போது உறுமித் தடத்தை 15 டெசிபல் தூக்க வேண்டியிருக்கிறது என்று வையுங்கள். அந்த மைக்கிலிருந்து ஒரு மீட்டரில் நின்ற பறையின் கசிவு 14 டெசிபல் கீழே இருந்தது அல்லவா? இப்போது அது தன் சொந்த மைக்கில் இருப்பதைவிட ஒரு டெசிபல் மேலே ஏறி நிற்கிறது, தாமதத்தோடு. உறுமியைத் தூக்கத் தூக்கப் பறை கெட்டுப்போகும். பறையைச் சுத்தமாக வைத்தால் உறுமி காணாமல் போகும். மெல்லிய வாத்தியமும் ஓங்கிய வாத்தியமும் தோளோடு தோள் நிற்கும் எந்தக் குழுவிலும் இந்தச் சிக்கல் வரும். நையாண்டி மேளத்தில் தவிலுக்குப் பக்கத்தில் தாளக்காரர் நின்றாலும் இதே கதைதான்.

தடங்களைக் கணினியில் நகர்த்தி நேரத்தைச் சரிசெய்யலாமே என்று கேட்கலாம். மேடையில் உட்கார்ந்து வாசிப்பவர்களுக்கு அது நடக்கும். பறை ஆட்டத்தில் யாரும் ஓரிடத்தில் நிற்பதில்லை. குனிந்து, திரும்பி, எதிர் எதிரே மாறி, வட்டம் கட்டி, மறுபடியும் வரிசைக்கு வருவார்கள். இரண்டு நிமிடத்துக்கு முன்னால் இருந்த தூரம் இப்போது இல்லை. எதை அளந்து எதை நகர்த்துவது? பறையின் சட்டத்தில் கிளிப் மைக் மாட்டினால் மைக்கும் கூடவே ஆடும், உண்மைதான். ஆனால் சுற்றுக்குச் சுற்று பறையைத் தீயில் காட்டித் தோலை முறுக்கேற்றுவார்கள். ஒவ்வொரு தடவையும் மைக்கைக் கழற்றி, காய்ச்சி முடிந்ததும் மாட்ட வேண்டும். கழற்ற மறந்தால் மைக் போச்சு. கழற்றி மாட்டினால் முன்பிருந்த இடத்திலேயே அது உட்காராது. மைக் எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கக் குச்சிதான் தூக்கிக் கேட்கும்: ஒரு சுற்றில் வலக்கை அடிக்குச்சி, அடுத்த சுற்றில் இடக்கைச் சிண்டுக்குச்சி. தவிர, கலைஞர் தன் வாத்தியத்தைத் தீயில் காட்டும் நேரத்தில் அவரை இழுத்து நிறுத்தி வயரைப் பிடுங்குவது எனக்கு ஒப்பவில்லை. ஆட்டத்தின் சூடு அதிலேயே இறங்கிவிடுகிறது.

ஜோடி மைக்கில் இந்தப் பிரச்சினையே எழுவதில்லை. ஒவ்வோர் அடியும் ஒரே இடத்துக்கு ஒரே ஒரு தடவை வந்து சேர்கிறது. எட்டுப் பேரும் ஒன்றாக இறங்கும் அடி ஒன்றாகவே கேட்கிறது. பறையைக் கேட்கிறவனுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்?

ஆனால் ஸ்டாண்டை எங்கேயாவது நட்டுவிட்டுப் போய்விட முடியாது. இங்கே கலவை நடப்பதே ஆட்கள் நிற்கும் இடத்தில்தான். ஏழு மீட்டர் நேர்வரிசைக்கு மூன்றரை மீட்டர் முன்னால் மைக் வைத்தால் ஓரத்தில் இருப்பவர்கள் ஐந்து மீட்டர் தூரத்தில் இருப்பார்கள், 3 டெசிபல் மெலிந்து கேட்பார்கள். குழுவைப் பிறை வடிவில் நிற்கச் சொன்னால் எல்லாருக்கும் ஒரே தூரம் வந்துவிடும். நாலரை மீட்டர் வைத்துக்கொள்கிறேன். மைக்கிலிருந்து பார்த்தால் இரண்டு ஓரங்களுக்கும் நடுவே ஏறக்குறைய 90 டிகிரி இருக்கும். உறுமியை முன்னால் கொண்டுவந்து பாதித் தூரத்தில் நிறுத்தினால், அதன் குரல் மற்றவர்களோடு ஒப்பிட 6 டெசிபல் கூடும், கசிவு என்ற பேச்சே இல்லாமல். யார் முன்னால், யார் பின்னால் என்பதை வாத்தியாரிடம் கேட்டுத்தான் செய்ய வேண்டும். தன் குழு எப்படிக் கேட்க வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். ஒரு சுற்றைப் பதிந்து ஹெட்போனில் போட்டுக் காட்டினால் அவரே ஆட்களை நகர்த்திவிடுவார். கணினியில் நான் செய்யும் எந்தக் கலவையும் அதற்கு ஈடாகாது என்பது என் முடிவு.

மைக்குகளை ஓஆர்டிஎஃப் முறையில் வைக்கிறேன்: இரண்டு கார்டியாய்டு மைக், நடுவே 17 சென்டிமீட்டர், 110 டிகிரி விரிவு. உயரம் மூன்று மீட்டருக்கு ஒட்டி. தலைக்கு மேலே போய்விட்டால் முன்னால் இருப்பவர் பின்னால் இருப்பவரை மறைக்க மாட்டார், கூட்டத்தின் பேச்சும் குறையும். கார்டியாய்டு முதுகுப்பக்கம் குறைவாகவே கேட்கும் என்பதால் அந்தப் பக்கத்தை ஜெனரேட்டருக்கோ கோயில் மதிலுக்கோ காட்டி வைக்கலாம். பதினேழு மீட்டர் தள்ளி ஒரு மதில் இருந்தால் ஒவ்வோர் அடியும் பத்தில் ஒரு விநாடி கழித்துத் திரும்பி வரும், அது பெரிய தொல்லை.

காற்றில் மட்டும் ஜோடி மைக் கொஞ்சம் பலவீனம். உயரத்தில் காற்று கூடுதல், ஸ்டாண்டும் ஆடும். மணல் மூட்டை கட்டாயம், கூட்டம் இருந்தால் கயிறும் கட்ட வேண்டும். அம்மியே பறக்கும் ஆடி மாதத்தில்தான் அம்மன் கோயில் கொடைகளும் வருகின்றன. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அடிக்கும் பொள்ளாச்சி, உடுமலைப் பக்கம் வெறும் பஞ்சு உறை எதற்கும் ஆகாது. முடி வைத்த உறை வேண்டும். 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிட்டால் காற்றின் உறுமலும் பெரும்பகுதி போய்விடும், பறைக்கு அதில் நஷ்டம் அதிகம் இல்லை. தவிலோ பெரிய மேளமோ இருந்தால் ரெக்கார்டரிலேயே வெட்டாமல், பதிந்தபின் கேட்டு முடிவு செய்வது நல்லது. விடியற்காலையில் காற்றும் இருக்காது, குழாய் ஸ்பீக்கரும் இருக்காது. ஆனால் பனி இறங்கித் தோல் தளர்ந்திருக்கும். அடிக்கடி காய்ச்ச வேண்டிவரும் என்று குழுவிடம் முன்பே சொல்லி, அதற்கு வைக்கோலும் நேரமும் ஒதுக்கிவிடுங்கள்.

ஆளுக்கொரு மைக் ஜெயிக்கும் இடங்கள் இவை. குழு மேடையில் இருந்து, அதே ஒலி ஸ்பீக்கர் வழியாகக் கூட்டத்துக்கும் போக வேண்டும் என்றால் வேறு வழியில்லை. தள்ளி வைத்த மைக் ஸ்பீக்கரையும் சேர்த்து வாங்கி ஊளையிடும். பயிற்சிக்காக ஒருவரின் கைவேலையை மட்டும் தனியாகக் கேட்க வேண்டும் என்றாலும் தனி மைக்தான். பட்டாசும் விசிலும் ஓயாத திருவிழா நெரிசலில் ஜோடி மைக் அவ்வளவையும் வாங்கிக்கொள்ளும். அங்கே நெருங்கி வைத்த மைக்கே வாத்தியத்தைக் காப்பாற்றும், கசிவைச் சகித்துக்கொள்ள வேண்டியதுதான்.

என் அனுபவம் மெலிந்த இடங்களும் உண்டு. நான் பெரும்பாலும் பத்துப் பன்னிரண்டு பேர் குழுக்களைத்தான் பதிந்திருக்கிறேன். திருச்சூர் பூரத்தின் இலஞ்சித்தற மேளம் போல இருநூறுக்கும் மேற்பட்ட கலைஞர்கள் நிற்கும் இடத்தில் ஒரு ஜோடி போதும் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். அவ்வளவு அகன்ற அணிக்கு இன்னொரு ஜோடி தேவைப்படலாம். நடந்து போகும் ஊர்வலத்துக்கு மைக்கை நீளக் கம்பில் கட்டித் தூக்கிக்கொண்டு கூடவே நடந்திருக்கிறேன். சில தெருக்களில் நன்றாக வந்தது, சிலவற்றில் வரவில்லை. அதற்கு உறுதியான முறை இன்னும் கைக்கு வரவில்லை.

இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி வேண்டும் என்பவர்கள் எச்4 எசென்ஷியல் மாதிரி நாலு தடக் கருவியைப் பார்க்கலாம். அதன் சொந்த ஸ்டீரியோ மைக் குழுவுக்கு, வெளி மைக் ஒன்று உறுமிக்கு. உறுமி அந்த ஸ்டீரியோ மைக்கிலிருந்து இரண்டேகால் மீட்டரில் இருந்தால் கலக்கும்போது அந்தத் தடத்தை 6 மில்லி விநாடி பின்னுக்குத் தள்ளி, தேவையான அளவு மட்டும் ஏற்றுங்கள். உறுமிக்காரர் பெரும்பாலும் ஓரிடத்தில் நிற்பவர் என்றால் இது சரியாக வரும். புதிதாக வாங்குகிறவர்கள் முதலில் ஜோடி மைக்கையும் நல்ல காற்று உறையையும் வாங்கிவிட்டு, இந்த மூன்றாவது மைக்கைப் பிறகு யோசிக்கலாம். பதிந்த கோப்பை அன்று சாயங்காலமே குழுவின் கையில் கொடுத்துவிட முடிவதும் ஜோடி மைக்கில்தான். தனித்தனித் தடங்களைக் கலந்து முடித்துக் கொடுக்க வாரக்கணக்கில் இழுத்தடிக்கும், அதற்குள் அவர்கள் அடுத்த ஊர்த் திருவிழாவுக்குப் போய்விடுவார்கள்.