ஒன்பது வருடம், 640 ஜம்ப்: புதிதாக ஸ்கைடைவிங் பழகியவர்கள் ரிக் வாங்கும் முன்

லைசென்ஸ் கைக்கு வந்ததும் எல்லோரும் கேட்கும் கேள்விகள் இரண்டுதான். எந்த ரிக் (பாராசூட்டுகள் அடங்கிய முதுகுப்பை செட்) வாங்கலாம், குதிக்க எந்த டிராப்ஸோனுக்கு, அதாவது ஸ்கைடைவிங் மையத்துக்குப் போகலாம். நான் ஒன்பது வருடமாகக் குதிக்கிறேன், 640 ஜம்ப் தாண்டிவிட்டது, இடையில் ஒரு கணுக்கால் உடைந்தது, ஒரு முறை கட்அவே செய்து, அதாவது கோளாறான முதன்மைப் பாராசூட்டான மெயினைக் கழற்றிவிட்டு, அவசரப் பாராசூட்டான ரிசர்வில் இறங்கினேன். இவ்வளவுக்கும் பிறகு என் பதில் இதுதான்: ரிக்கையும் இடத்தையும் உங்களுடைய மோசமான நாளை மனதில் வைத்துத் தேர்ந்தெடுங்கள். காற்று சீராக இருந்து, விமானம் சரியான இடத்தில் இறக்கிவிட்டு, மைதானமும் காலியாக இருக்கும் நாளில் விரிந்த பாராசூட்டான கேனோபி எதுவானாலும் நன்றாகத்தான் இறங்கும்.

என் முதல் ரிக்கை 61 ஜம்ப்பில் வாங்கினேன். பழைய ரிக், பாராசூட்டுகளை வைக்கும் பையான கன்டெய்னரின் நிறம் பிடித்திருந்தது, மெயின் 150 சதுர அடி, ரிசர்வ் 126. விற்றவர் "பத்து ஜம்ப்பில் பழகிவிடும்" என்றார், எனக்கும் அதைக் கேட்கத்தான் ஆசை. அப்போது என் எடை 74 கிலோ. ரிக், உடை, ஹெல்மெட் எல்லாம் சேர்த்து 12 கிலோ என்று வையுங்கள், மொத்தம் 86 கிலோ, பவுண்டில் சுமார் 190. விங் லோடிங் என்பது இந்தப் பவுண்டைக் கேனோபியின் சதுர அடியால் வகுத்தால் கிடைக்கும் எண். 190 கேனோபியில் எனக்கு 1.0 வரும், 150-இல் 1.27 வரும். கணக்குப் பார்க்க ஒரு நிமிடம் போதும், அந்த ஒரு நிமிடத்தை நான் செலவழிக்கவில்லை.

முப்பது ஜம்ப் வரை ஒரு குறையும் இல்லை, அதுதான் ஆபத்து. வேகமாகத் திரும்பியது, இறங்கும்போது நன்றாக மிதந்தது, எனக்குக் கைவந்துவிட்டது என்றே நினைத்தேன். 94-ஆவது ஜம்ப்பில் விமானத்தை விட்டு வெளியேறியது கொஞ்சம் தாமதம், திறந்து பார்த்தால் டிராப்ஸோன் வெகு தூரத்தில் இருக்கிறது. எதிர்க்காற்றில் திரும்பி வந்துவிடலாம் என்று நம்பிக்கொண்டே வந்தேன், வர முடியாது என்று முடிவெடுத்தபோது 800 அடிக்கும் கீழே இருந்தேன். ஒரு வயலைப் பார்த்து இறங்க ஆரம்பித்தேன், 150 அடி இருக்கும்போது குறுக்கே கம்பி வேலி தெரிந்தது, உடனே ஒரு டாகிளை, அதாவது திரும்பவும் பிரேக் போடவும் இழுக்கும் கைப்பிடியை, இழுத்துவிட்டேன். கேனோபி திரும்பும்போது மூக்கைக் கீழே சாய்த்துப் பாயும், அந்தப் பாய்ச்சலிலிருந்து அது மீண்டு தலைக்கு மேல் வர உயரம் வேண்டும், எனக்கு அந்த உயரம் இல்லை. கணுக்காலில் இரண்டு இடத்தில் முறிவு, ஐந்து மாதம் ஓய்வு. தலைக்கு மேலே இருந்த பாராசூட்டில் ஒரு கோளாறும் கிடையாது என்பதைக் கவனியுங்கள். இந்த விளையாட்டில் பெரிய காயங்கள் நிறைய இப்படித்தான் வருகின்றன, முழுசாகத் திறந்த நல்ல கேனோபியின் கீழே, தரைக்குப் பக்கத்தில், ஒரு அவசரத் திருப்பத்தில்.

190-ஆக இருந்திருந்தால் காலே உடைந்திருக்காது என்று சொல்ல மாட்டேன், தவறு என்னுடையது. ஆனால் பெரிய கேனோபி அதே இழுப்புக்கு மெதுவாகத் திரும்பும், குறைவாகப் பாயும், யோசிக்க இரண்டு விநாடி கூடுதலாகத் தரும். புதியவருக்கு வேண்டியது அந்த இரண்டு விநாடிதான். ஆகவே முதல் கேனோபி 1.0 அல்லது அதற்குக் கீழே இருக்கட்டும், நூறு ஜம்ப் வரையாவது. அப்புறம், எடை குறைந்தவர்கள் ஒன்று கவனிக்க வேண்டும்: 50 கிலோ உள்ளவருக்கு 135 கேனோபியில்கூட 1.0 தான் வரும், ஆனால் சின்னக் கேனோபியின் கயிறுகளான லைன்கள் குட்டை, அதனால் லோடிங் ஒன்றாக இருந்தாலும் அது பெரியதைவிடச் சட்டென்று திரும்பும். எண்ணை மட்டும் நம்பி 135-இல் ஏறிவிடாதீர்கள்.

வேலி தெரிந்தால் என்ன செய்வது என்பதையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு டாகிளையும் பாதி இழுத்து வைத்துக்கொண்டு ஒன்றை மட்டும் கொஞ்சம் கூடுதலாக இழுத்தால் கேனோபி பாயாமல் தட்டையாகத் திரும்பும். இதை உயரத்தில், 3,000 அடிக்கு மேலே, சும்மா மிதக்கும் நேரத்தில் பழகுங்கள். நான் காலை உடைத்துக்கொண்ட பிறகுதான் பழகினேன்.

வாங்கும் வரிசை பற்றி. முதலில் ஆல்டிமீட்டர், பிறகு ஹெல்மெட், கொக்கி இல்லாத நல்ல ஷூ, உங்கள் அளவுக்கு ஒரு ஜம்ப்சூட். ரிக் கடைசி. முதல் நிலையான ஏ லைசென்ஸுக்கு 25 ஜம்ப் போதும், ஆனால் அதற்குப் பிறகும் நாற்பது ஐம்பது ஜம்ப் வாடகை ரிக்கில் குதித்தால் கேனோபி அளவு படிப்படியாக இறங்கி ஓர் இடத்தில் நிற்கும், அந்த அளவுக்கு வாங்குங்கள். அதற்கு முன் வாங்கியவர்கள் எல்லோரும் அடுத்த வருடமே விற்றதைத்தான் பார்த்திருக்கிறேன். ஆல்டிமீட்டர் டிஜிட்டலா முள் உள்ளதா என்பது பெரிய விஷயம் இல்லை, எனக்கு முள் பிடிக்கும், எண்ணைப் படிக்காமலே முள் எந்தப் பக்கம் இருக்கிறது என்று ஓரக்கண்ணில் தெரியும். காதில் ஒலிக்கும் ஆடிபிள் நல்ல துணை, ஆனால் அது கத்தும்வரை காத்திருக்கும் பழக்கம் வந்துவிடக் கூடாது. ஹெல்மெட்டில் கேமரா வேண்டாம். அமெரிக்க பாராசூட் சங்கமான யுஎஸ்பிஏ 200 ஜம்ப்புக்கு முன் கேமரா வேண்டாம் என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது: லைனில் மாட்டலாம் என்பது ஒரு பங்கு, கேமராவை நினைத்துக்கொண்டு உயரத்தை மறப்பது மீதிப் பங்கு.

பழைய ரிக் வாங்குவதில் தவறே இல்லை, என் இரண்டாவது ரிக்கும் பழையதுதான். ஆனால் பணம் கொடுக்கும் முன் பாராசூட்டைச் சோதித்து மடித்துப் பழுது பார்க்கும், உங்களுக்குத் தெரிந்த ஒரு ரிக்கரிடம் கொடுத்துப் பிரித்துப் பார்க்கச் சொல்லுங்கள், விற்பவருடைய ரிக்கர் வேண்டாம். மெயினைவிட ரிசர்வைத்தான் முதலில் பாருங்கள், நான் அப்படிப் பார்க்கவில்லை. மயக்கமாகத் தொங்கும்போதும், தெரியாத இடத்திலும், தரைக்குப் பக்கத்தில் இரண்டு டாகிளையும் இழுத்து வேகம் குறைக்கும் ஃபிளேர் செய்யாமலும் உங்களை இறக்க வேண்டியது அதுதான். 86 கிலோவோடு 126 ரிசர்வில் கைகால் அசையாமல் இறங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போது நினைத்தாலும் வயிற்றைக் கலக்குகிறது. பர்ஃபாமன்ஸ் டிசைன்ஸ் ரிசர்வ்களில் ஒரு சின்னக் கட்டம் போட்ட லேபிள் இருக்கும், ஒவ்வொரு ரீபேக்குக்கும், அதாவது மறுபடி மடிக்கும் ஒவ்வொரு முறைக்கும், ஒரு குறி. 40 ரீபேக் அல்லது 25 முறை பயன்படுத்தினால் துணியைச் சோதிக்கத் தொழிற்சாலைக்கு அனுப்ப வேண்டும். அந்த லேபிளைப் பார்த்தாலே ரிசர்வின் வயது தெரிந்துவிடும்.

அடுத்து ஏஏடி, நீங்கள் திறக்காமல் தாழ்வாக விழுந்துகொண்டிருந்தால் ரிசர்வைத் தானே திறக்கும் கருவி. 1991-இல் சைப்ரஸ் என்ற ஏஏடி வந்ததிலிருந்து எத்தனையோ பேர் அதனால் பிழைத்திருக்கிறார்கள், அது இல்லாத ரிக்கைத் தொட வேண்டாம். அதன் எக்ஸ்பர்ட் மாடல் 225 மீட்டருக்குக் கீழே விநாடிக்கு 35 மீட்டருக்கு மேல் விழுந்துகொண்டிருந்தால்தான் ரிசர்வை மூடிவைத்திருக்கும் லூப்பை வெட்டும். அதாவது, பாதி திறந்த மெயினோடு சுற்றிக்கொண்டே விழுந்தால் வேகம் அந்த அளவுக்கு வராமலே போகலாம், அது வேலை செய்யாது, கட்அவே செய்ய வேண்டியது நீங்கள்தான். ஏஏடிக்கு ஆயுள் உண்டு, இப்போதைய சைப்ரஸ் 15.5 வருடம், இன்னொரு ஏஏடியான விஜில் 20 வருடம். மலிவாகக் கிடைக்கும் ரிக்கில் ஏஏடிக்கு எட்டு மாதம்தான் மிச்சம் என்றால் அது மலிவு ரிக் இல்லை.

ரிக்கில் ஆர்எஸ்எல்லும் இருக்கட்டும், மெயினைக் கட்அவே செய்ததும் ரிசர்வைத் தானே திறக்கும் இணைப்பு வார் அது. 312-ஆவது ஜம்ப்பில் என் 170 மெயின் லைன் ட்விஸ்ட்டோடு, அதாவது லைன்கள் முறுக்கிக்கொண்டு, திறந்து ஒரு பக்கமாகச் சுழல ஆரம்பித்தது. உதைத்து அவிழ்க்கப் பார்த்தேன், சுழற்சி கூடிக்கொண்டே போனது. 2,500 அடியில் முடிவெடுக்க வேண்டும் என்று பழகியிருந்தேன், கட்அவே கைப்பிடியை இழுத்தேன், இடது கை ரிசர்வ் கைப்பிடிக்குப் போவதற்குள் ஆர்எஸ்எல் ரிசர்வைத் திறந்துவிட்டது. அப்புறமும் கைப்பிடியை இழுத்தேன், அது பயிற்சி. ரிசர்வ் 176, வாசலில் வந்து நிற்பதுபோல் மெதுவாக இறங்கியது. ரிசர்வ் மடித்துக் கொடுத்த ரிக்கரைத் தேடிப்போய்க் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசாமல் நின்றேன்.

ரிக்கை உடம்போடு பூட்டும் வார்களான ஹார்னஸின் பொருத்தத்தை யாரும் சொல்லித் தரவில்லை, அதனால் இங்கே சொல்கிறேன். லூசான ஹார்னஸில் கைப்பிடிகள் நீங்கள் தேடும் இடத்தில் இருக்காது, நின்று பார்க்கும்போது சரியாக இருப்பது, பாராசூட் திறக்கும் முன் விழும் ஃப்ரீஃபாலில் மணிக்கு 190 கிலோமீட்டர் வேகக் காற்று அடிக்கும்போது நகர்ந்திருக்கும். எங்காவது ஹார்னஸைத் தொங்கவிட்டு அதில் தொங்கிப் பாருங்கள், கண்ணை மூடிக்கொண்டு இரண்டு கைப்பிடியையும் தொட்டுப் பாருங்கள். பொருந்தாவிட்டால் பெரும்பாலும் ஹார்னஸை மாற்றித் தைக்கலாம், ஆனால் அந்தச் செலவையும் விலையோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

லைன்கள். ஸ்பெக்ட்ரா லைன் உரசல் சூட்டில் சுருங்கும், கேனோபி மெதுவாக விரிவதற்காக லைன்களில் நழுவி இறங்கும் துணியான ஸ்லைடரின் வளையம் உரசும் வெளிப்பக்க லைன்கள்தான் அதிகம் சுருங்கும், அதில் பிரேக் லைனும் அடக்கம். பிரேக் லைன் குட்டையானால் கையை முழுசாக மேலே விட்டாலும் கேனோபியின் வால் கொஞ்சம் இழுபட்டே இருக்கும், வேகம் வராது, ஃபிளேரில் வலு இருக்காது. என்னுடைய இறக்கங்கள் ஆறு மாதமாக மோசமாகிக்கொண்டே வந்தன, என் கைதான் சரியில்லை என்று நினைத்து வருந்தினேன், ரிக்கர் அளந்து பார்த்தால் பிரேக் லைன் குட்டை. புது லைன் போட்ட முதல் ஜம்ப்பிலேயே நின்றபடி இறங்கினேன். இன்னொரு லைன் வகையான வெக்ட்ரான் சுருங்காது, ஆனால் நைந்து திடீரென்று அறும், ஆகவே அதில் கண் வைக்க வேண்டும்.

சரி, டிராப்ஸோன். போனவுடன் பணம் கட்டாதீர்கள். ஒரு நாள் முழுக்க இறங்கும் இடத்தின் ஓரத்தில் உட்கார்ந்து பாருங்கள். எல்லோரும் ஒரே திசையில் இறங்குகிறார்களா? இறங்கும் சுற்றை 1,000, 600, 300 அடி என்று ஒழுங்காகப் போடுகிறார்களா? யாராவது தரைக்குப் பக்கத்தில் சட்டென்று வளைந்து திரும்பினால் அனுபவசாலிகள் போய்ப் பேசுகிறார்களா, கைதட்டுகிறார்களா? காற்று ஏறும்போது மாணவர்களை முதலில் நிறுத்துகிறார்களா? யுஎஸ்பிஏ கணக்கில் மாணவர்களுக்கு மணிக்கு 14 மைல்தான் எல்லை. இறங்கும் இடத்தில் தடை இல்லாமல் 100 மீட்டராவது இருக்க வேண்டும், வெளியே தவறிப் போனால் எங்கே இறங்குவது என்று புதிதாக வந்தவருக்கு வரைபடம் வைத்துக் காட்ட வேண்டும். காட்டவில்லை என்றால் நீங்களே கேளுங்கள், முகம் சுளித்தால் அடுத்த இடத்தைப் பாருங்கள்.

பெரிய விமானம் உள்ள இடம்தான் நல்லது என்று நினைக்க வேண்டாம். ட்வின் ஆட்டரில் இருபதுக்கு மேல் பேர் ஏறுவார்கள், கால் மணி நேரத்தில் 13,000 அடி, ஒரு நாளில் நிறையக் குதிக்கலாம், ஆனால் ஒரே நேரத்தில் அத்தனை கேனோபியும் வானத்தில் இருக்கும். 30 ஜம்ப் உள்ளவருக்கு அந்தக் கூட்டம் கஷ்டம். செஸ்னா 182-இல் நான்கைந்து பேர்தான், மெதுவாக ஏறும், ஆனால் வானம் காலி. நான் கேனோபி ஓட்டக் கற்றது செஸ்னா இடத்தில்தான். அடிக்கடி போக முடிகிற இடமா என்பதும் முக்கியம், ஏ லைசென்ஸில் 60 நாள் குதிக்காமல் இருந்தால் மறுபடி ஒரு பயிற்சி ஜம்ப் தேவைப்படும், அந்த இடைவெளியில் கை நிஜமாகவே மறந்துவிடுகிறது.

கால் சரியானதும் நான் போன புது இடத்தில் ஒரு இன்ஸ்ட்ரக்டர் என் ஜம்ப் புத்தகத்தைப் புரட்டினார், ரிக்கைப் பார்த்தார், "இந்த 150-ஐ இங்கே குதிக்க விட மாட்டேன்" என்றார். கோபம் தலைக்கேறியது. பையைத் தூக்கி வண்டியில் போட்டுவிட்டேன், ஆனால் கிளம்பவில்லை, மாலை வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன். மறுநாள் அவர் ஒரு 210 வாடகை ரிக்கைக் கையில் கொடுத்து, இரண்டு நாள் கூடவே இருந்து பிரேக்கில் திரும்புவதையும் பின்பக்கத் தோள்வாரான பின்ரைசரை இழுத்து மிதப்பதையும் கற்றுக்கொடுத்தார். அந்த 150-ஐ விற்றேன், வாங்க வந்தவருக்கு 300 ஜம்ப் இருந்தது, ரிசர்வ் அளவை முதலில் சொல்லிவிட்டுத்தான் விலை பேசினேன். இப்படி 'வேண்டாம்' சொல்லத் தெரிந்த ஆள் இருக்கும் டிராப்ஸோனைத் தேடுங்கள், மற்ற வசதிகள் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் பரவாயில்லை.

இப்போது என்னிடம் இருப்பது 170 மெயின், 176 ரிசர்வ். 250 ஜம்ப் வரை 190-இல் குதித்துவிட்டுத்தான் இதற்கு வந்தேன். மாதம் ஒரு முறை மெயினை ரிக்கோடு பிணைக்கும் மூன்று வளையங்களையும் கழற்றி மாட்டி, கட்அவே கேபிளைத் துடைத்து, கன்டெய்னரை மூடும் குளோசிங் லூப் நைந்திருந்தால் மாற்றுகிறேன், அரை மணி நேர வேலை. லைன் செட் அடுத்த மாதம் மாற்ற வேண்டும், ரிக்கரிடம் சொல்லி வைத்துவிட்டேன்.