இடைக்காலம் எந்த வருஷம் தொடங்குகிறது? திருவல்லிக்கேணியில் வைத்து ஒரு அலசல்

திருவல்லிக்கேணி மேன்ஷன் ஒன்றின் மொட்டைமாடியில் வாரத்தில் இரண்டு நாள் மாலை ஏழெட்டுப் பேர் கூடுகிறோம். எல்லோரும் குரூப் தேர்வுக்குப் படிக்கிறவர்கள். நான் வரலாறு சொல்லித் தருகிறேன். போன மாதம் ஒரு தம்பி மூன்று புத்தகங்களை விரித்து வைத்துக்கொண்டு கேட்டான்: “அண்ணா, இடைக்காலம் எந்த வருஷம் தொடங்குது? ஒண்ணுல ஹர்ஷர் செத்ததுலேர்ந்துன்னு இருக்கு. ஒண்ணுல டெல்லி சுல்தான்ல ஆரம்பிக்குது. இன்னொண்ணுல பல்லவரே இடைக்காலம்தான்.”

பாடப்புத்தகத்தில் உள்ளதை எழுது என்று சொல்லி முடித்திருக்கலாம். ஆனால் அவன் கேட்டது நல்ல கேள்வி. அந்நியர் ஆண்ட ஒரு நாட்டின் பழைய காலத்தை யார் எங்கே வெட்டினார்கள், அந்த வெட்டில் யார் கண்ணில் படுகிறார்கள், யார் விழுந்துவிடுகிறார்கள் என்பது முழுக்க அதற்குள் அடங்கியிருக்கிறது. சரி, ஒவ்வொரு பகுப்பையும் நம் பேட்டை மேலேயே வைத்துப் பார்ப்போம் என்று தொடங்கினோம். பல்லவர் கல்வெட்டு உள்ள பார்த்தசாரதி கோயில், நவாப் காலத்துப் பெரிய மசூதி, ஐஸ் ஹவுஸ், சென்னைப் பல்கலைக்கழகம் எல்லாமே இங்கே நடந்துபோகிற தூரம்தான்.

மூன்று துண்டு

முதலில் பிரிட்டிஷ் எழுத்தாளர் ஜேம்ஸ் மில். 1817இல் வெளிவந்த அவருடைய நூல் இந்திய வரலாற்றை இந்து காலம், முகமதியர் காலம், பிரிட்டிஷ் காலம் என்று பிரித்தது. மில் இந்தியாவுக்கு வந்ததே இல்லை. இங்குள்ள மொழி எதுவும் அவருக்குத் தெரியாது. ஆனாலும் கிழக்கிந்தியக் கம்பெனி வேலைக்குப் பயிற்சி பெற்ற இளைஞர்கள் அதைப் படித்துவிட்டுத்தான் கப்பல் ஏறினார்கள். முதல் இரண்டு காலத்துக்கும் ஆண்டவரின் மதத்தைப் பெயராக வைத்தவர், மூன்றாவதைக் கிறிஸ்தவர் காலம் என்று சொல்லவில்லை. நாட்டின் பெயரை வைத்தார். மதத்தால் ஆளப்பட்ட தேசத்தை நாங்கள் வந்து சட்டத்தால் ஆண்டோம் என்ற வாதம் அந்தப் பெயர்களிலேயே ஒளிந்திருக்கிறது.

இதைத் திருவல்லிக்கேணியில் வைத்தால் ஒரு நிமிஷம்கூட நிற்காது. கோல்கொண்டாவிடமிருந்து கம்பெனி இந்த ஊரைக் குத்தகைக்கு எடுத்தது 1676இல். வாலாஜா நவாபின் பெயரைச் சொல்லும் பெரிய மசூதி எழுந்தது 1795இல். மில் கணக்குப்படி பார்த்தால் ‘பிரிட்டிஷ் காலம்’ தொடங்கி நூறு வருஷத்துக்கு மேல் ஆன பிறகு ‘முகமதியர் காலம்’ வருகிறது. அந்த மசூதி கட்டிய ஆண்டைக் குறிக்கும் பாரசீக வாசகத்தை எழுதிக் கொடுத்தவர் மக்கன் லால், நவாபிடம் பணியாற்றிய ஒரு இந்து அறிஞர். அவரை எந்தக் காலத்தில் உட்கார வைப்பது?

பண்டைக்காலம், இடைக்காலம், தற்காலம் என்பது பெரும்பாலும் இதே வெட்டுக்குப் புதுப்பெயர்தான். ஐரோப்பா தன் வரலாற்றுக்குத் தைத்த சட்டை அது. அதற்கும் முந்திய காலத்தில்கூட இப்படித்தான்: கல், வெண்கலம், இரும்பு என்ற வரிசை டென்மார்க்கின் அருங்காட்சியகத்தில் பிறந்தது. தமிழ்நாட்டிலோ புதிய கற்காலத்தை அடுத்து இரும்புதான் வருகிறது, நடுவில் தனியாக ஒரு வெண்கலக் காலம் இல்லை. ஆகவே தம்பியின் மூன்று புத்தகங்களில் எதுவும் தப்பில்லை. ஹர்ஷரில் தொடங்கும் புத்தகம் வட இந்தியப் பேரரசுகளைப் பார்க்கிறது. சுல்தானியத்தில் தொடங்கும் புத்தகத்தில் இருப்பது மில் கிழித்த அதே கோடுதான், மை மட்டும் வேறு. பல்லவரில் தொடங்கும் புத்தகம் பிரம்மதேயம் (பிராமணர்களுக்குத் தானமாகக் கொடுத்த ஊர்), கோயில், நிலதானம் என்று சமூகம் மாறிய இடத்தைப் பார்க்கிறது. எனக்கு மூன்றாவதோடுதான் உடன்பாடு. காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

அரசர் வரிசை

மில்லுக்குப் பதில் சொல்ல எழுந்தவர்கள் தேசிய வரலாற்றாசிரியர்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த கே.ஏ. நீலகண்ட சாஸ்திரி 1930களில் சோழர் வரலாற்றை எழுதினார். ஆயிரக்கணக்கான கல்வெட்டுகளை வைத்து, அரசர் அரசராக, ஆண்டு ஆண்டாக அடுக்கினார். உங்களுக்கு ஆளத் தெரியாது என்று வெள்ளைக்காரன் சொல்லிக்கொண்டிருந்த காலத்தில், குடத்தில் ஓலை போட்டு ஊர்ச் சபைக்கு ஆள் எடுத்ததைச் சொல்லும், முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் குடவோலைக் கல்வெட்டுகளை (919, 921) எடுத்துக் காட்டுவது என்பது வெறும் தகவல் இல்லை. அந்தத் தலைமுறைக்கு அது நிமிர்ந்து நிற்கும் உரிமை. அதை நான் ஒருபோதும் குறைத்துப் பேசமாட்டேன்.

இந்த முறையைத் தள்ளிவைக்கவும் முடியாது. கல்வெட்டு ‘இன்ன அரசனுக்கு யாண்டு பன்னிரண்டு’ என்றுதான் பேசும். அரசர் வரிசை சரியாக இல்லாவிட்டால் அது எந்த நூற்றாண்டு என்றே தெரியாது. அதனால் அரச வம்சத்தை நான் கடிகாரமாக வைத்துக்கொள்ளச் சொல்கிறேன்.

சிக்கல் எங்கே என்றால், பேரரசு இல்லாத காலம் இருட்டாகிவிடுகிறது. சங்க காலத்துக்கும் பல்லவர், பாண்டியர் எழுச்சிக்கும் நடுவில் ஆண்ட களப்பிரரின் காலம் ‘இருண்ட காலம்’ ஆனது இப்படித்தான். அவர்களைப் பற்றி நமக்கு முக்கியமாகச் சாட்சி சொல்வது பாண்டியரின் வேள்விக்குடிச் செப்பேடு. அது களப்பிரரை விரட்டியவர்களின் வழிவந்தவர்கள், பல தலைமுறை கழித்துப் பிராமணர்களுக்கு நிலம் திருப்பிக் கொடுத்தபோது எழுதியது. தோற்றவனைப் பற்றி வென்றவன் வீட்டுப் பத்திரம் என்ன சொல்லும்? மயிலாப்பூரில் பிறந்த மயிலை சீனி. வேங்கடசாமி இதை எதிர்த்துக் களப்பிரர் காலத்துக்கென்றே ஒரு நூல் எழுதினார். சமணமும் பௌத்தமும் இங்கே தழைத்ததையும், பதினெண்கீழ்க்கணக்கில் பல நூல்கள் அந்தக் காலத்தை ஒட்டி எழுந்ததையும் காட்டி, இருட்டு அந்தக் காலத்தில் இல்லை, நம் பார்வையில்தான் என்று வாதாடினார். இந்த விஷயத்தில் நான் மயிலையார் பக்கம்.

இன்னொன்று: வடக்கை வைத்து வெட்டிய ஆண்டுகள் இங்கே பொருந்துவதில்லை. தேர்வுக்கு 1857 பெரிய கோடு. ஆனால் மருது சகோதரர்கள் திருச்சியில் அறிக்கை ஒட்டியது 1801 ஜூனில். அதே ஆண்டில்தான் கர்நாடக நவாபின் ஆட்சி உரிமை முழுவதும் கம்பெனி கைக்குப் போனது. வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் எழுந்தது 1806இல். நம் பக்கம் கோடு போடச் சொன்னால் நான் 1801இல்தான் போடுவேன்.

தமிழே தனக்குப் போட்டுக்கொண்ட கோடுகள்

எனக்கு மிகவும் நெருக்கமான பகுதி இது, கொஞ்சம் நின்று பேசுகிறேன். ‘சங்க காலம்’ என்ற பகுப்பு நமக்குப் பிறப்பிலேயே தெரிந்ததுபோல இருக்கிறது. ஆனால் மில் எழுதிய 1817இல் அப்படி ஒரு காலத்தை வரலாற்று நூலில் எழுத வழியே இல்லை. சுவடிகள் அச்சுக்கு வரவில்லை. சி.வை. தாமோதரம் பிள்ளை கலித்தொகையை 1887இல் பதிப்பித்தார். உ.வே. சாமிநாதையர் புறநானூற்றை 1894இல் கொண்டுவந்தார். ஐயர் பின்னாளில் வாழ்ந்த வீடும் இதே திருவல்லிக்கேணியில், பைகிராப்ட்ஸ் சாலையில்தான் இருந்தது. அச்சான பிறகுதான் மூவேந்தரும் வேளிரும் வரலாற்றுக்குள் நடந்து வந்தார்கள்.

அதே காலத்தில், பக்கத்து ராயப்பேட்டையிலிருந்து இன்னொரு கோடு போடப்பட்டது. அயோத்திதாசப் பண்டிதர் 1907இல் ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழைத் தொடங்கினார். இந்த நாடு முதலில் பௌத்த நாடு, பறையர் என்று தாழ்த்தப்பட்டவர்கள் பூர்வ பௌத்தர்கள், சாதி பின்னால் வந்து ஏறியது என்று சொல்லி ‘இந்திரர் தேச சரித்திரம்’ எழுதினார். மில்லின் ‘இந்து காலம்’ முழுவதையும் அவர் இரண்டாகப் பிளந்துவிடுகிறார்: சாதிக்கு முன், சாதிக்குப் பின். அவர் சொல்லும் சொற்பிறப்புகள் பலவற்றை இன்றைய மொழியியல் ஏற்காது. அதை ஒப்புக்கொண்டேதான் சொல்கிறேன், காலத்தை யாருடைய வாழ்க்கையை வைத்து வெட்டுவது என்ற கேள்வியை அவ்வளவு முன்னாலேயே அவ்வளவு நேராகக் கேட்டவர் அவர். பல்கலைக்கழகங்கள் அந்தக் கேள்விக்கு வந்து சேர வெகுகாலம் ஆனது.

சங்க காலப் பொற்காலமும் பூர்வ பௌத்தமும் இரண்டுமே காலனி ஆட்சிக்கு நடுவில், இழந்ததை மீட்கும் வேகத்தில் பிறந்தவை. இரண்டுக்கும் உள்ள பலவீனமும் ஒன்றே. பொற்காலம் ஒன்றை வைத்துவிட்டால் அதற்குப் பிறகு வருவது எல்லாம் சரிவாகவே தெரியும்.

நிலத்தை வைத்து வெட்டுவது

நான் தம்பிகளுக்கு முதலில் பிடித்துக்கொள்ளச் சொல்வது இதைத்தான். ஜப்பானிய அறிஞர் நொபொரு கராஷிமா சோழர் கல்வெட்டுகளை அரசன் புகழுக்காகப் படிக்கவில்லை. நிலம் யார் கையில் இருந்தது, யார் விற்றார், யார் வாங்கினார் என்று எண்ணிப் பார்த்தார். திருச்சிப் பக்கம் அல்லூர், ஈசானமங்கலம் என்ற இரண்டு ஊர்களை ஒப்பிட்டார். வேளாளர் ஊரான அல்லூரில் நிலம் ஊருக்குப் பொது. பிரம்மதேயமான ஈசானமங்கலத்தில் தனித்தனி ஆட்கள் கையில். சோழர் ஆட்சியின் பிற்பகுதிக்கு வர வர, தனி உடைமை மற்ற ஊர்களுக்கும் பரவுவது தெரிகிறது. மன்னன் மாறாமலே சமூகம் மாறுகிறது. எ. சுப்பராயலு போன்றவர்கள் இந்த வழியில் நாடு (பல ஊர்கள் சேர்ந்த வட்டாரம்), பெரியநாடு (பல நாடுகள் சேர்ந்த சபை) என்ற அமைப்புகளை ஊர் ஊராக வரைந்து காட்டினார்கள். பல்லவர் காலத்தில் பிரம்மதேயம் பரவத் தொடங்கிய இடத்தில் நான் கோடு போடுவதற்குக் காரணம் இதுதான்.

பார்த்தசாரதி கோயிலில் உள்ள பல்லவன் தந்திவர்மன் காலத்துக் கல்வெட்டையே எடுத்துக்கொள்ளலாம். 9ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அரசர் வரிசைக்காரருக்கு அதில் வேண்டியது தந்திவர்மன் பெயர் மட்டும். ஆனால் விஷயம் என்ன? கோயில் நிலத்தை அர்ச்சகர்கள் அடகு வைத்துவிட்டார்கள். சாமிக்குப் படைக்கிற அரிசி குறைந்துபோனது. ஒருவர் பணம் கொடுத்து நிலத்தை மீட்டு, படையலைப் பழையபடி நடக்க வைத்தார். அடகு, வட்டி, நெல், கோயில் என்று ஊரே அதற்குள் இருக்கிறது. நான் முதல்முறை அதன் பொருளைப் படித்துவிட்டு அன்று முழுக்க அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

இந்த வெட்டில் காலனி ஆட்சியும் வேறு மாதிரித் தெரிகிறது. கவர்னர் பெயர்களைவிட உழவரிடமே நேராக வரி வாங்கிய மன்றோவின் இரயத்துவாரி முறை பெரிய கோடு. 1947ஐவிட 1948இன் ஜமீன் ஒழிப்புச் சட்டம் பல ஊர்களில் பெரிய கோடு.

கல்லில் பெயர் இல்லாதவர்கள்

ஆனால் அந்த அடகு நிலத்தில் உழுதவர் யார்? கல்வெட்டில் அவர் இல்லை. கல்லில் பெயர் வெட்டிக்கொள்ள நிலமோ பொன்னோ வேண்டும். ராஜராஜனின் 1014ஆம் ஆண்டுத் தஞ்சைக் கல்வெட்டில் பறைச்சேரியும் தீண்டாச்சேரியும் வருகின்றன, வரி கழிக்கப்பட்ட இடங்களின் பட்டியலில், சுடுகாட்டோடு சேர்த்து. சேரி இருக்கிறது, அங்கே வாழ்ந்த ஆளின் பெயர் இல்லை.

1982இல் வரலாற்றாசிரியர் ரணஜித் குஹா தொடங்கிய விளிம்புநிலை ஆய்வுகள் இந்த இடத்தில்தான் கைகொடுக்கின்றன. அரசாங்க ஆவணத்தை அரசாங்கம் நினைத்த பொருளுக்கு எதிராகப் படிக்க வேண்டும் என்பது அந்த வழி. எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் இருக்கும் காகிதம் கலெக்டர் எழுதியதுதான், ஆனாலும் அதற்குள் யாரோ ஒருவரின் மறுப்பு பதிந்திருக்கும். திருவல்லிக்கேணி பறக்கும் ரயில் நிலையத்தில் இறங்கினால் கீழே ஓடுகிறதே பக்கிங்காம் கால்வாய், அதில் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கிற பகுதி 1877–78 பஞ்சத்தில் நிவாரண வேலையாக வெட்டப்பட்டது. அந்தப் பஞ்சத்தில் நிவாரண வேலைக்கு வந்த ஆணுக்கு நாளுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஒரு அணாவும் போதும் என்று, பஞ்சத்தைப் பார்க்க மேலிடம் அனுப்பிய அதிகாரி ரிச்சர்ட் டெம்பிள் முடிவு செய்தார். மாகாணத்தின் சுகாதார ஆணையர் கார்னிஷ் அதை எதிர்த்தார். அதிகாரிகள் போட்டுக்கொண்ட இந்தச் சண்டைக் காகிதம்தான் இன்று நமக்கு அந்தப் பட்டினியின் சாட்சி. அரசர் பகுப்பில் இந்தக் கால்வாய் ஒரு கவர்னர் பிரபுவின் பெயர், அவ்வளவுதான்.

இந்த முறையிலும் எனக்கு ஒரு குறை உண்டு. ‘அடித்தள மக்கள்’ என்று ஒரே கூட்டமாகப் பேசினால் 1921இல் சென்னையின் பின்னி துணி ஆலையில் நடந்த வேலைநிறுத்தம் புரியாது. வேலைக்குத் திரும்பிய ஆதிதிராவிடர்களுக்கும் மற்றத் தொழிலாளர்களுக்கும் புளியந்தோப்பில் வெடித்த கலவரம் அடித்தளத்துக்குள்ளேயே நடந்தது. அங்கே அயோத்திதாசரின் கேள்வி திரும்பவும் தேவைப்படுகிறது.

அப்புறம், என் நிலக்கணக்கையே ஆட்டிவைக்கிற போட்டி ஒன்று இருக்கிறது. எங்கள் கூட்டத்தில் நடுக்குப்பம் என்ற மீனவர் குப்பத்திலிருந்து வருகிற தங்கச்சி சொன்னது அது. “அண்ணா, எங்க ஆளுங்களுக்கு நிலமே கெடையாது. அப்ப நாங்க எந்தக் காலம்?” எனக்குப் பதில் இல்லை. கடலை வைத்துக் கோடு போட்டால் 16ஆம் நூற்றாண்டில் சாந்தோமில் போர்த்துகீசியர், 1613இல் பழவேற்காட்டில் டச்சுக் கோட்டை, 1639இல் மதராஸ், 1734இல் நெசவாளர்களுக்காக எழுந்த சிந்தாதிரிப்பேட்டை என்று ஓர் ஒழுங்கு தானாக வருகிறது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதிவரை இங்கே துறைமுகம் இல்லை. கப்பல் தூரத்தில் நிற்கும். கவர்னரோ, துணி மூட்டையோ, ஐஸ் ஹவுஸில் வைக்க அமெரிக்காவிலிருந்து வந்த பனிக்கட்டியோ, எதுவானாலும் கரைக்கு வர மசூலா படகுதான். ஆணி இல்லாமல் கயிற்றால் தைத்த அந்தப் படகை அலையில் ஓட்டத் தெரிந்தவர்கள் குப்பத்து ஆட்கள் மட்டுமே. அடுத்த இரண்டு வாரத்துக்கு வகுப்பை அந்தத் தங்கச்சி எடுக்கிறாள்.