அரண்மனைக்கு இருபது நிமிடம், சங்குக் கடைக்கு முக்கால் மணி நேரம்

இராமேசுவரம் தீவையும் இராமநாதபுரத்தையும் ஒரே நாளில் காட்டித் திரும்பும் வேன் சுற்றுலா ஒன்றில் சென்ற மாதம் குடும்பத்துடன் சென்று வந்தோம். வண்டி தூய்மையாக இருந்தது, ஓட்டுநரும் பொறுமையானவர். குறை, நேரத்தைப் பங்கிட்ட விதத்தில்தான்.

இப்பயணத்தில் என்னை மிகவும் ஈர்த்தது இராமநாதபுரம் அரண்மனை வளாகத்திலுள்ள இராமலிங்க விலாசம். இராமநாதபுரத்தை ஆண்ட சேதுபதி மன்னர்களுள் ஒருவரான கிழவன் சேதுபதி காலத்தில் எழுந்த இம்மண்டபத்தில், 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முத்து விஜயரகுநாத சேதுபதி தீட்டச் செய்த சுவரோவியங்கள் இன்றும் காணக்கிடைக்கின்றன. இராமாயணக் காட்சிகளோடு, தஞ்சை மராட்டியருடன் நடந்த போரும், சேதுபதியை ஐரோப்பியர் சந்திக்கும் காட்சியும் இடம்பெற்றிருப்பதால், ஒவ்வொரு சுவரின் முன்பும் நின்று நிதானமாகப் பார்க்க வேண்டிய இடம் அது. எங்களுக்குக் கிடைத்ததோ இருபதே நிமிடம். விளக்கிச் சொல்ல வழிகாட்டி எவரும் உடன் வரவில்லை.

பாம்பன் சாலைப் பாலத்திலிருந்து, நடுப்பகுதி செங்குத்தாக உயரும் புதிய ரயில் பாலத்தைப் பார்த்தபடியே கடந்தோம். 1964 டிசம்பர் புயலில் அழிந்த தனுஷ்கோடியில் இடிந்த தேவாலயத்தைப் பார்க்கவும், தீவின் கோடியிலுள்ள அரிச்சல்முனை வரை சென்று வரவும் போதிய நேரம் தந்தார்கள். அதைப் பாராட்ட வேண்டும். ஆனால், திரும்பும் வழியில் யாரும் கேட்காமலே ஒரு சங்குக் கடையில் முக்கால் மணி நேரம் நிறுத்தியதை எப்படி நியாயப்படுத்துவார்களோ தெரியவில்லை. (என் மாமியார் மட்டும் மகிழ்ந்தார்.)

தீவை மட்டும் பார்க்க விரும்புவோர் இச்சேவையைத் தயங்காமல் நாடலாம். ஓவியங்களுக்காக வருவோர் இராமநாதபுரத்துக்குத் தனியாகப் பேருந்தில் சென்று வருவதே நல்லது.