டார்க் சோல்ஸ் போர்டு கேம்: அலமாரியில் நிலைத்த பெட்டி

டார்க் சோல்ஸ் என்ற வீடியோ கேமை வைத்துச் செய்த போர்டு கேமைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு கட்சியாக இருப்பார்கள். ஒரு கட்சிக்கு இது காசைக் கரியாக்கிய பெட்டி. இன்னொரு கட்சிக்கு, வீடியோ கேமிலிருந்து மேஜைக்கு வந்தவற்றில் உருப்படியான ஒன்று. எங்கள் வீட்டு அலமாரியின் கீழ்த்தட்டை இது பிடித்துக்கொண்டு சில வருடங்கள் ஆகிவிட்டன. ஆடிப் பார்த்த வரையில் இரண்டு கட்சி சொல்வதும் சரிதான். ஒரே பெட்டிக்குள் இரண்டு விளையாட்டு இருக்கிறது. ஆளுக்கு ஒன்றைப் பற்றிப் பேசுகிறார்கள்.

முதலில் கொஞ்சம் பழைய கதை. இங்கிலாந்தின் ஸ்டீம்ஃபோர்ஜ்ட் கேம்ஸ் 2016 ஏப்ரலில் இதைக் கிக்ஸ்டார்ட்டரில் (மக்களிடம் முன்கூட்டியே பணம் திரட்டும் இணையதளம்) போட்டது. கேட்டது 50,000 பவுண்டு. அது சில நிமிடங்களிலேயே சேர்ந்துவிட்டது. முடியும்போது 31,000 பேருக்கு மேல் சேர்ந்து 37 லட்சம் பவுண்டுக்கு மேல் கொடுத்திருந்தார்கள். அதே வருடம்தான் டார்க் சோல்ஸ் 3 வெளியாகி ஊரே அதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தது. பெட்டிகள் 2017இல் கைக்கு வந்தன. நான் கிக்ஸ்டார்ட்டரில் பணம் போட்டவன் இல்லை. பிறகு கடைக்கு வந்த அடிப்படைப் பெட்டியைத்தான் வாங்கினேன்.

ஒன்றிலிருந்து நான்கு பேர் வரை ஆடலாம். நைட், வாரியர், ஹெரால்ட், அசாசின் என நான்கு பாத்திரங்கள். எதிரிகளை இயக்கத் தனியாக ஆள் வேண்டாம். எல்லோரும் ஒரே அணி. எதிரி எங்கே நகரும், யாரை அடிக்கும் என்பதை அந்தந்த எதிரியின் கார்டே சொல்லிவிடும். சிலது பக்கத்தில் நிற்பவனைத் தேடும், சிலது அக்ரோ டோக்கன் யாரிடம் இருக்கிறதோ அவனைத் தேடும். கடைசியாக ஆடியவரிடம்தான் அந்த டோக்கன் இருக்கும். ஒரு பாத்திரம் ஆடியதும் எதிரிகள் அத்தனையும் ஒரு சுற்று ஆடும். அப்புறம் அடுத்த பாத்திரம், மறுபடி எதிரிகள். நான்கு பேர் ஆடினால் உங்கள் முறை திரும்ப வருவதற்குள் எதிரிகள் நான்கு தடவை கை வைத்துவிடுவார்கள். இது முதலில் அநியாயமாகத் தெரியும். கொஞ்ச நேரம் போனால் யார் அடி வாங்குவது என்று பேசி முடிவு செய்வதுதான் இந்த ஆட்டமே என்று புரியும்.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது பத்துக் கட்டம் கொண்ட ஒரு பட்டை. ஒவ்வொரு பாத்திரத்தின் அட்டையிலும் அது இருக்கிறது. ஓடினாலோ, கனமாக அடித்தாலோ, உருண்டு தப்பினாலோ இடது பக்கத்திலிருந்து கருப்புக் கட்டைகளை வைக்க வேண்டும். அது ஸ்டாமினா. அடி வாங்கினால் வலது பக்கத்திலிருந்து சிவப்புக் கட்டைகள். இரண்டும் சந்தித்து பத்துக் கட்டமும் நிரம்பினால் ஆள் காலி. உங்கள் முறை வரும்போது இரண்டு கருப்புக் கட்டைகளை எடுத்துவிடலாம். சிவப்பு அவ்வளவு சுலபமாகப் போகாது. உயிரையும் மூச்சையும் ஒரே பட்டையில் வைத்த யோசனைக்கு என் முழு ஓட்டு. காயம் பட்டவனுக்கு ஓடவும் தெம்பு குறைவு என்பதைக் கணக்கு எதுவும் போடாமல் அந்தப் பட்டையே காட்டிவிடுகிறது. வீடியோ கேமில் பச்சை ஸ்டாமினாப் பட்டை தீர்ந்த பிறகும் பேராசைப்பட்டு இன்னொரு வெட்டு வெட்டப் போய்ச் செத்தவர்களுக்கு இந்தப் பயம் நன்றாகத் தெரியும். அதே பயம் மேஜையிலும் வருகிறது.

அடுத்தது பாஸ், அதாவது கடைசியில் வரும் பெரிய எதிரியோடு சண்டை. இந்தப் பெட்டி இன்னும் வீட்டில் இருப்பதற்கு இதுதான் காரணம்.

ஒவ்வொரு பாஸுக்கும் நடத்தைக் கார்டுகள் ஒரு கட்டு உண்டு. அவற்றில் சிலவற்றை மட்டும் கண்ணை மூடிப் பிரித்தெடுத்து அன்றைய சண்டைக்கு வைத்துக்கொள்வீர்கள். பாஸ் தன் முறைக்கு ஒரு கார்டைத் திருப்பும், அதன்படி செய்யும். கட்டு தீர்ந்ததும் கலைக்கக் கூடாது. அப்படியே திருப்பி வைத்து அதே வரிசையில் மறுபடி ஆட வேண்டும். முதல் சுற்றில் எல்லோரும் குருடர்கள்தான். இரண்டாவது சுற்றில் யாராவது ஒருவருக்கு ஞாபகம் வரும்.

கார்கோயில் என்ற பாஸோடு மோதிய ஒரு ராத்திரி, என் நண்பன் தன் முறையில் நன்றாக அடித்துவிட்டுப் பின்பக்கமே நின்றான். பக்கத்தில் இருந்த இன்னொருவன், "டேய், அங்கேயே நிக்காத. அடுத்தது வால்டா" என்று கத்தினான். அவன் சொன்னபடியே வால்தான் வந்தது. அதற்குள் இவன் ஒரு கருப்புக் கட்டையை வைத்து நகர்ந்திருந்தான். கன்ட்ரோலரைப் பிடித்துக்கொண்டு ஆடும்போது கை தானாகக் கற்றுக்கொள்ளும் அந்த வித்தையை, கார்டு வரிசையை மனப்பாடம் செய்வதாக மாற்றியிருக்கிறார்கள். மாறியும் அதன் ருசி போகவில்லை. ஒவ்வொரு கார்டிலும் பாஸின் எந்தப் பக்கம் அந்த நேரத்தில் பலவீனம் என்றும் போட்டிருக்கும். அந்தப் பக்கத்திலிருந்து அடித்தால் கூடுதலாக ஒரு பகடை கிடைக்கும். ஆகவே வரிசை தெரிந்தவன் தப்பிக்க மட்டுமில்லை, எங்கே போய் நிற்க வேண்டும் என்றும் முன்கூட்டியே திட்டம் போடலாம்.

எல்லாம் பிடிபட்டது என்று நிம்மதியாக மூச்சு விடும் நேரத்தில் பாஸின் உயிர் ஒரு குறிப்பிட்ட அளவுக்குக் கீழே இறங்கும். உடனே ஒரு புதுக் கார்டு உள்ளே போகும், கட்டு கலைக்கப்படும். படித்ததெல்லாம் வீண். மேஜையைச் சுற்றி அப்போது கேட்கும் வசவுகளை இங்கே எழுத முடியாது. டான்சர் ஆஃப் த போரியல் வேலியிடமும், ஆர்ன்ஸ்டைன் - ஸ்மௌ ஜோடியிடமும் இது இன்னும் கொடூரமாக இருக்கும். ஜோடியில் ஒருவன் விழுந்ததும் மற்றவன் புதுக் கார்டுகளோடு வெறி பிடித்து வருவான், வீடியோ கேமில் வருவது போலவே. யாரை முதலில் சாய்ப்பது என்று எங்கள் வீட்டில் நடந்த விவாதம் சண்டையை விட நீளம்.

சரி, இப்போது அந்த முதல் கட்சி திட்டுகிற பாதி.

பாஸைத் தொடுவதற்கு முன்னால் அறை அறையாகச் சின்ன எதிரிகளோடு சண்டை போட வேண்டும். ஓர் அறையைச் சுத்தம் செய்தால் ஆளுக்கு இரண்டு சோல் கிடைக்கும், அதுதான் இந்த ஆட்டத்தின் காசு. சொக்கப்பனைக்குத் திரும்பி வந்து (பான்ஃபயரை எங்கள் மேஜையில் அப்படித்தான் சொல்கிறோம்) ஒரு சோலுக்கு ஒரு புதையல் கார்டு வாங்கலாம், அல்லது இன்னும் கூடுதல் சோல் கொடுத்து பலம், சுறுசுறுப்பு, அறிவு, நம்பிக்கை ஆகியவற்றில் ஒன்றை உயர்த்தலாம். சொக்கப்பனையில் ஓய்வெடுத்தால் எதிரிகள் அத்தனை பேரும் உயிரோடு திரும்பி வந்துவிடுவார்கள். ஒருவர் செத்தாலும் எல்லோரும் சொக்கப்பனைக்குத்தான். வீடியோ கேமின் விதியை அப்படியே இறக்கியிருக்கிறார்கள். பிரச்சினையே அந்த 'அப்படியே'தான்.

திரையில் ஒரே வழியை இருபதாவது தடவை ஓடும்போது உங்கள் கை முன்னைவிடத் தேறியிருக்கும். மூலையில் ஒளிந்திருப்பவனைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் கடந்து போவீர்கள். மேஜையில் அதே அறையை இரண்டாவது முறை ஆடும்போது தேறுவதற்கு ஒன்றும் இல்லை. ஹாலோ சோல்ஜர் என்ற சின்ன எதிரி அதே இடத்தில் நிற்கிறான், அதே மாதிரி வருகிறான். பகடை மட்டும் வேறு எண் காட்டும். போதாக்குறைக்குப் பொம்மைகளை எடுத்து மறுபடி அடுக்கும் வேலை வேறு. கணினி ஒரு நொடியில் செய்வதை நீங்கள் கையால் செய்கிறீர்கள். பாஸ் சண்டையில் திரும்பச் செய்வதற்குப் பலன் உண்டு, ஏனென்றால் அங்கே கற்றுக்கொள்ள ஒரு வரிசை இருக்கிறது. அறைகளில் அது இல்லை. ஒரே கம்பெனி, ஒரே பெட்டி, ஒரே விதிப்புத்தகம். ஒரு பாதியில் வீடியோ கேமின் காரணத்தைப் புரிந்துகொண்டு மாற்றியிருக்கிறார்கள், மறுபாதியில் அதன் வெளித்தோற்றத்தை மட்டும் எடுத்து வைத்துவிட்டார்கள்.

புதையல் கார்டு அதற்கு மேல். கட்டு கலைந்து கிடக்கும், மேலிருந்து ஒன்று எடுக்க வேண்டும். அறிவு அதிகம் தேவைப்படும் மந்திரக்கோல் வரும். அணியில் மந்திரவாதியே இருக்க மாட்டான். நல்ல கவசம் வரும். அதைத் தூக்கும் பலம் வர இன்னும் எத்தனையோ அறை சுற்ற வேண்டும். பெட்டியில் 90 முதல் 120 நிமிடம் என்று போட்டிருக்கிறது. மினி பாஸையும் முதன்மை பாஸையும் சேர்த்து முழு ஆட்டம் ஆடினால் அந்த நேரத்துக்குள் எங்கள் அணி ஒருநாளும் முடித்ததில்லை. சனிக்கிழமை மத்தியானம் ஆரம்பித்தால் ராத்திரிச் சாப்பாட்டுக்குத்தான் எழுந்திருப்போம்.

அதனால் இப்போது வீட்டு விதிகளோடுதான் ஆடுகிறோம். அறை ஒன்றுக்கு ஆளுக்கு நான்கு சோல். சொக்கப்பனைக்குத் திரும்பும் வாய்ப்புகள் விதிப்புத்தகம் சொல்வதைவிடக் குறைவு. புதையல் வாங்கும்போது இரண்டு கார்டு எடுத்து, ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை அடியில் போடலாம். இது சலுகை மாதிரித் தெரியும். ஆனால் திரும்பும் வாய்ப்பு குறைந்ததால் ஒவ்வொரு அறையும் உயிர்ப் பிரச்சினை ஆகிவிடுகிறது. ஆட்டமும் பாதி நேரத்தில் பாஸ் வாசலுக்கு வந்துவிடுகிறது. புதிதாக ஆட வருபவர்களுக்கு அறைகளே காட்டுவதில்லை. ஆளுக்குச் சில புதையல்களைக் கொடுத்து நேரே மினி பாஸ் முன்னால் நிறுத்திவிடுவேன். பிடித்துப்போனவர்கள் அடுத்த வாரம் தாங்களாகவே வருவார்கள்.

கம்பெனிக்கும் இந்தக் குறை தெரிந்திருக்க வேண்டும். 2022இல் பெயிண்டட் வேர்ல்ட் ஆஃப் அரியாமிஸ், டூம் ஆஃப் ஜயன்ட்ஸ் என்று தனியாகவே ஆடக்கூடிய புதிய அடிப்படைப் பெட்டிகளை வெளியிட்டார்கள். அவற்றில் சண்டை அறைகளுக்குத் தனித்தனி இலக்கும் சிறப்பு விதியும் உண்டு. 'எல்லோரையும் கொன்றுவிட்டு அடுத்த அறை' என்ற ஒரே பாட்டு இல்லை. இன்றைக்கு முதன்முதலாக வாங்குகிறவர் அங்கேயே ஆரம்பிக்கலாம் என்பது என் கருத்து.

வீடியோ கேமை மேஜைக்குக் கொண்டுவரும் இதே வேலையை வேறுவிதமாகச் செய்தவர்களும் இருக்கிறார்கள். சிஎம்ஓஎன் வெளியிட்ட பிளட்போர்ன் போர்டு கேமில் பகடையே கிடையாது. கையில் இருக்கும் கார்டுகளை ஆயுதத்தின் இடங்களில் செருகித்தான் அடிக்க வேண்டும். இடம் நிறைந்தால் ஆயுதத்தை மறுவடிவத்துக்குத் திருப்ப வேண்டும், இடங்கள் காலியாகும். வீடியோ கேமில் அடிக்கொரு தடவை ரம்பத்தை விரித்து மடக்கியது நினைவு வரும். அங்கேயும் எதிரிகள் உயிர்த்து வருவார்கள். ஆனால் வேட்டைக் காலம் ஓடிக்கொண்டே இருப்பதால் சும்மா சுற்றிப் பலம் சேர்க்கும் பேச்சுக்கு இடமில்லை. அறைச் சண்டையை மட்டும் பார்த்தால் பிளட்போர்ன்தான் மேல். இன்னும் பின்னால் போனால் 2011இல் வந்த கியர்ஸ் ஆஃப் வார். அதில் கையில் இருக்கும் கார்டுகளே உங்கள் உயிர். அதையே செலவழித்துத்தான் ஏதும் செய்ய முடியும். இப்போது அச்சில் இல்லை. யாராவது நியாயமான விலைக்குக் கொடுத்தால் யோசிக்காமல் வாங்குங்கள்.

பொம்மைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும், விலையில் பெரும்பகுதி அதற்குத்தானே. டைட்டனைட் டீமன், ஸ்மௌ போன்ற பெரியவை மேஜையில் நின்றால் பெயிண்ட் அடிக்காமலே மிரட்டும். சின்ன எதிரிகள் அவ்வளவு இல்லை. ஈட்டி, வில், வாள் போன்ற மெல்லிய பாகங்கள் பிவிசி என்பதால் பெட்டிக்குள் அமுங்கி வளைந்து போகும். வெந்நீரில் கொஞ்ச நேரம் முக்கி, நேராக்கிப் பிடித்தபடி குளிர்ந்த நீரில் விட்டால் நிற்கும். பெயிண்ட் அடிக்க ஆசைப்பட்டால் சில்வர் நைட் என்ற எதிரியிலிருந்து ஆரம்பியுங்கள். கருப்பு பிரைமர், மேலே வெள்ளி நிறத்தை உலர்ந்த தூரிகையால் தேய்ப்பது, அவ்வளவுதான், பார்க்கும்படி இருக்கும். டான்சரின் மெல்லிய துணியை மட்டும் கை பழகும் வரை தொடாதீர்கள். நம்மூர் ஈரக் காற்றுக்குக் கார்டுகள் வளைகின்றன, பாஸ் கார்டுகளுக்காவது உறை போட்டுவிடுங்கள். வளைந்த கார்டு கட்டில் தனியாகத் தெரியும். அடுத்தது என்ன வரும் என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டால் ஆட்டமே இல்லை.

தனியாக ஆடுகிறவர்களுக்கு ஒரு யோசனை. ஒற்றைப் பாத்திரமாக ஆட விதி இருக்கிறது, ஆனால் அப்படி ஆடினால் அக்ரோ டோக்கன் எப்போதும் உங்களிடமே கிடக்கும், அடி வாங்குவதும் நீங்களே. இரண்டு பாத்திரங்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று நைட், கேடயம் பிடித்து வாங்கிக்கொள்ள. இன்னொன்று அசாசின், பலவீனமான பக்கமாகச் சுற்றி வர. யார் முதலில் ஆடுவது என்று ஒவ்வொரு சுற்றிலும் யோசிக்க வேண்டியிருக்காது, வரிசை மாறாது. ஆனால் யாரை எங்கே நிறுத்திவிட்டு முறையை முடிப்பது என்பதில் மூளைக்கு நிறைய வேலை கிடைக்கும்.